குடை இல்லை – கடிதம்

அன்புள்ள ஐயா,

யோகொஹாமாவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். வந்து மூன்று வருஷம் ஆகிறது. பாட்டின் வரிகள் புரியும் அளவுக்கு ஜப்பானிய மொழி இப்போதுதான் வந்திருக்கிறது. தாங்களே எழுதி, மெட்டுப் போட்டு, பாடிய எழுபதுகளின் கலைஞர்களைத் தேடித்தேடிக் கேட்கிறேன். போன வாரம் கரோக்கேயில் எங்கள் மேலாளர் இனோவே யோசுயியின் ‘கசா கா நாய்’ பாடினார். ‘குடை இல்லை’ என்று அர்த்தம். நகரத்தில் இளைஞர்கள் தற்கொலை செய்துகொள்வது அதிகமாகிவிட்டது என்று பேப்பரில் போட்டிருக்கிறதாம். ஆனால் இவன் பிரச்சினை இன்றைய மழை. காதலியைப் பார்க்கப் போக வேண்டும், குடை இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. 1968இல் தோக்கியோவின் சன்யா பகுதித் தினக்கூலிகளைப் பாடிய ஒகபயாஷி நொபுயாசு எங்கே, நான்கே வருஷத்தில் வந்த இந்தச் சுயநலம் எங்கே? சதா மசாஷியைக் கேட்டால் ஒரே அழுகை. சிட்டி பாப் என்கிறார்களே, அந்த நகரத்துப் பாணி ஜப்பானிய பாப் இசை பற்றி என்ன நினைக்கிறீர்கள்? புதிதாகக் கேட்பவர்களுக்குப் பத்துப் பாடல்கள் சொல்ல முடியுமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

பத்துப் பாடல் பட்டியல் என்னிடம் கிடையாது. மளிகைச் சீட்டு போல எழுதித் தந்தால் நீங்கள் ஒவ்வொன்றாக டிக் அடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவீர்கள். சிட்டி பாப் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு என் சான்றிதழ் தேவையில்லை, யூட்யூப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் சதா மசாஷியை ‘ஒரே அழுகை’ என்று தள்ளினீர்களே, அதை அப்படியே விட முடியாது. 1982இல் அவர் ‘சுகுனாய்’ என்று ஒரு பாட்டு செய்தார். பிராயச்சித்தம் என்று சொல்லலாம். மழை இரவில் வண்டி ஓட்டிப்போன இளைஞன் ஒருவன் ஓர் ஆளை மோதிக் கொன்றுவிடுகிறான். அதற்கப்புறம் மாதாமாதம் சம்பளத்தை அந்த விதவைக்கு அனுப்புகிறான். ஏழாவது வருஷம் அவளிடமிருந்து முதல் கடிதம் வருகிறது. இனிமேல் அனுப்பாதீர்கள், உங்கள் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது என்று. அவ்வளவுதான் கதை. 2002இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில், ரயில் நிலையத் தகராறில் ஒருவரை அடித்துக் கொன்ற இரண்டு இளைஞர்களுக்குத் தண்டனை சொன்ன நீதிபதி, இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறீர்களா என்று அவர்களைக் கேட்டார். வரிகளையாவது படித்தால், உங்கள் மன்னிப்பு ஏன் யார் மனதையும் தொடவில்லை என்று புரியும் என்றார். நீங்களும் வரிகளையாவது படியுங்கள்.

நகாஜிமா மியுகியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அது தனிக் குற்றம். நடுராத்திரி வானொலியில் நேயர் கடிதங்களை வாசித்துக்கொண்டிருந்தவர் அவர். 1983இல் வந்த அவருடைய ‘ஃபைட்’ பாட்டே ஒரு கடிதத்தில்தான் தொடங்குகிறது. நடுநிலைப் பள்ளியோடு படிப்பு நின்றதால் வேலை கிடைக்காத பெண் எழுதியது. அந்தப் பெண்ணின் கையெழுத்து கூர்கூராக நடுங்குகிறது என்கிறார். கடிதத்துக்குப் பதில் எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கையெழுத்து ஞாபகம் வரும்.

சரி, குடைக்கு வருகிறேன். உண்மையில் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். இங்கே பத்து நாளாக மழை, மண்டைக்குள் அந்தப் பாட்டுதான் ஓடுகிறது.

பாட்டு வந்த 1972ஐ யோசித்துப் பாருங்கள். பிப்ரவரியில் அசாமா மலை விடுதியில் ஐக்கிய செம்படை என்ற தீவிர இடதுசாரிக் குழுவின் இளைஞர்கள் ஒரு பெண்ணைப் பிணையாக வைத்துக்கொண்டு பத்து நாள் போலீஸை எதிர்த்தார்கள். நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அதன்பிறகுதான் அவர்கள் தங்கள் தோழர்களையே அடித்துக் கொன்று மலையில் புதைத்திருந்தது வெளியே வந்தது. நாட்டைக் காப்பாற்றப் போகிறோம் என்ற பேச்சு எதில் போய் முடிந்தது என்று எல்லாரும் பார்த்தாகிவிட்டது. அப்படிப்பட்ட காதுகளில்தான் ‘குடை இல்லை’ போய் விழுந்தது. பாடியவனுக்கு வயது 23. ஃபுகுஓகா பக்கத்துப் பல் டாக்டரின் மகன். பல் மருத்துவக் கல்லூரி நுழைவுத்தேர்வில் மூன்று முறை தோற்றவன். 1969இல் ‘ஆந்த்ரே காந்த்ரே’ என்ற கோமாளிப் பெயரில் இசைத்தட்டு போட்டு அதிலும் தோற்றவன். 1973 கடைசியில் அவனுடைய ‘கோரி நோ செகாய்’ வந்தது. ஜப்பானில் முதன்முதலாகப் பத்து லட்சம் விற்ற எல்பி அதுதான்.

சுயநலம் என்கிறீர்கள். புதுக் குற்றச்சாட்டு இல்லை. அதே வருஷம் யோஷிதா தகுரோ, தலைமுடி தோள்வரை வளர்ந்ததும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று பாடினார். ஃபோக் என்றால் எதிர்ப்புப் பாட்டுதான் என்றிருந்த ‘சுத்த’ ரசிகர்கள் மேடையில் அவரைப் பார்த்து ‘காஎரே’, திரும்பிப் போ, என்று கத்தினார்கள். உங்கள் ஒகபயாஷியை நானும் மதிக்கிறேன். பாதிரியாரின் மகன், சன்யாவில் வேலை செய்துவிட்டுப் பாடியவர். ஆனால் ‘ஃபோக்கின் கடவுள்’ என்று தலையில் தூக்கி வைத்தார்களே, அது தாங்காமல்தானே அவரும் ஒதுங்கிக் கிராமத்துக்குப் போய் விவசாயம் பார்த்தார்?

அதெல்லாம் இருக்கட்டும். நீங்கள் பாட்டைச் சரியாகக் கேட்கவேயில்லை என்பதுதான் என் கோபம். உன்னைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு அவன் என்ன செய்கிறான்? ‘அது நல்லதுதானே?’ என்று கேட்கிறான். இரண்டாவது சுற்றில் டிவியில் யாரோ முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நாட்டின் எதிர்காலம் பேசுகிறார். அங்கேயும், உன்னைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை என்றுவிட்டு, மறுபடி அதே கேள்வி. தற்கொலைச் செய்தி உறுத்தாதவனாக இருந்தால் அதைப் பாட்டின் முதல் வரியில் ஏன் வைக்கிறான்? ஏன் கேட்கிறான்? நல்லது என்று தெரிந்தவன் கேட்பானா? உங்கள் மேலாளர் அந்த இடத்தில் குரலை இறக்கியிருப்பார். நீங்கள் அப்போது பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

இன்னொன்று. அவன் திரும்பத் திரும்பச் சொல்லும் ‘இகானகுச்சா’ வெறும் ‘போக வேண்டும்’ இல்லை. வீட்டில் பேசுகிற மாதிரி ‘போயாகணும்’. ‘போக வேண்டும்’ என்பவன் நாளைக்குக்கூடப் போகலாம். ‘போயாகணும்’ என்பவன் அப்போதே வாசலில் நிற்கிறான்.

எனக்கும் 23 வயதில் அப்படி ஒரு நாள் இருந்தது. 1987 டிசம்பர் 24. எம்ஜிஆர் இறந்த செய்தி விடியும்போதே வந்துவிட்டது. நான் தஞ்சாவூரில் ஒரு லாட்ஜில் இருந்தேன். கும்பகோணத்தில் ஒரு வீட்டுக்கு அன்று சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும், மறுநாள் அவர்கள் குடும்பத்தோடு பம்பாய் போகிறார்கள். பஸ் கிடையாது. கடை எல்லாம் சாத்தியாகிவிட்டது. தெருவில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். எனக்கும் அழுகை வந்தது, பஸ் இல்லையே என்று. மெஸ் சமையல்காரரிடம் சைக்கிள் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பாபநாசத்துக்கு முன்னால் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம். “தலைவர் செத்துக் கெடக்காரு, எங்கடா போற?” என்றான் ஒருவன். அவன் கண் சிவந்திருந்தது. பாட்டி சாகக் கிடக்கிறாள் என்றேன். உடனே இரண்டு பேர் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. அவள் அப்பாதான் கதவைத் திறந்தார். சொம்பில் தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்து, ஒரு மணிநேரம் எம்ஜிஆரைப் பற்றிப் பேசினார். நான் தலையாட்டினேன். உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த மாதம் ஒரு சிற்றிதழுக்கு அஞ்சலிக் கவிதை எழுதினேன். சாலையில் சைக்கிளை நிறுத்திவிட்டு மக்களோடு மக்களாக நானும் அழுதேன் என்று அதில் வரும். நிறையப் பேர் பாராட்டினார்கள். சுயநலம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதே 23 வயதில் அந்த மனுஷன் தனக்குக் குடை இல்லை என்று மட்டும் எழுதினான். அந்தக் கவிதையை நான் எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை.

யோகொஹாமாவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அராய் யுமி 1974இல் பாடிய ‘உமி ஓ மிதேஇதா கோகோ’ கேட்டிருக்கிறீர்களா? நெகிஷி பக்கம் குன்றின் மேல் ‘டால்ஃபின்’ என்ற உணவகம். மேஜையில் சோடாத் தண்ணீர்க் கிளாஸ். தூரத்துச் சரக்குக் கப்பல் அந்தச் சோடாவுக்குள் போகிறது. காகித நாப்கினில் மை ஊறிப் படர்வதால், ‘மறந்துவிடாதே’ என்பதை மட்டும்தான் எப்படியோ எழுத முடிந்தது. அந்த உணவகம் நிஜமானதுதான், நெகிஷி ரயில் நிலையத்திலிருந்து ஏறிப் போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், ஜன்னலோரம் உட்கார்ந்து சோடா வாங்குங்கள். கிளாஸுக்குள் கப்பல் இன்னும் தெரிகிறதா என்று எழுதுங்கள்.