ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை: எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமுள்ள வகுப்பறை – கேள்வி பதில்

தொடக்கப்பள்ளி வகுப்பறை, சிறப்புக் கல்வி இரண்டையும் பற்றிக் கேளுங்கள். இன்ன குறைபாடா என்று நோயறிந்து சொல்லும்படி மட்டும் கேட்க வேண்டாம்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை: மேடம், காது கேட்கும் கருவி போட்ட பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டேன். அது போதுமா?

போதாது. முதல் பெஞ்சின் நடுவில் இருந்தால் உங்கள் முகம் மட்டும்தான் தெரியும். பின்னாலிருந்து யாராவது பதில் சொன்னால், யார் பேசுகிறார்கள் என்று அவன் திரும்பித் தேடுவதற்குள் பேச்சு முடிந்துவிடும். இரண்டாவது வரிசையின் ஓரத்தில், இருக்கையைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். உங்களையும் பார்க்கலாம், வகுப்பையும் பார்க்கலாம். ஒரு காது நன்றாகக் கேட்குமென்றால் அந்தக் காது வகுப்பின் பக்கம் இருக்கட்டும். மின்விசிறிக்கும் தெருப்பக்க ஜன்னலுக்கும் தள்ளி வையுங்கள்.

கண்ணாடி போட்டதும் பார்வை சரியாகிவிடுவது போல இந்தக் கருவி வேலை செய்யாது. பேச்சோடு நாற்காலி இழுபடும் சத்தத்தையும் சேர்த்தே அது பெருக்கும். பேச்சு தெளிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்குள்தான். அதனால் நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். எழுதி முடித்துத் திரும்பிய பிறகு பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் இருட்டாகிவிடும், உதட்டசைவு தெரியாது. மற்ற பிள்ளைகள் சொல்லும் பதிலை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்.

"புரிந்ததா?" என்று கேட்டால் தலையாட்டுவான், எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். "இப்போது என்ன செய்யப் போகிறாய்?" என்று கேளுங்கள். அதையும் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் கேளுங்கள். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி ஒரு பிள்ளைக்கு உதவக் கூடாது. இதை இன்றைக்கு இன்னும் பலமுறை சொல்வேன்.

ஓர் அப்பா: மகள் இடக்கையால் எழுதுகிறாள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கையில் இடித்துக்கொண்டே இருக்கிறது என்று தினமும் புகார் வருகிறது.

பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், புகார் நின்றுவிடும். தாளின் மேல்பக்கம் வலதுபுறம் சாயட்டும். பென்சில் முனையிலிருந்து சுமார் மூன்று செ.மீ. மேலே பிடித்தால் எழுதியது கண்ணுக்குத் தெரியும், கையில் கரி அப்பாது. இடக்கைக் கத்தரிக்கோல் தனியாக உண்டு. அதை வாங்கி வகுப்புப் பெட்டியில் எல்லாருக்கும் பொதுவாகப் போடச் சொல்லுங்கள்.

நான்காம் வகுப்பு ஆசிரியர்: எப்போது கேள்வி கேட்டாலும் அதே நாலு பையன்கள் கை தூக்குகிறார்கள். பெண் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.

முதலில் எண்ணுங்கள். பெயர்ப் பட்டியலைச் சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து, ஒரு பாடவேளையில் நீங்கள் யாரைக் கூப்பிடுகிறீர்கள், யாரைப் பாராட்டுகிறீர்கள், யாரை அதட்டுகிறீர்கள் என்று கோடு போடச் சொல்லுங்கள். நாம் சமமாகத்தான் கேட்கிறோம் என்ற நினைப்பு பெரும்பாலும் அந்தத் தாளில் நிற்காது.

அடுத்தது காத்திருப்பு. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். அதற்கு முன் யார் கை தூக்கினாலும் கூப்பிடாதீர்கள்.

ஐஸ் குச்சிகளில் பெயர் எழுதி டப்பாவிலிருந்து எடுக்கும் முறையும் நல்லது. எடுத்த குச்சியைத் திரும்ப டப்பாவிலேயே போட வேண்டும். வெளியே வைத்தால், பெயர் வந்துபோன பிள்ளை அன்றைக்கு என் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடும். கேள்வியை முதலில் சொல்லிவிட்டு, பக்கத்துப் பிள்ளையோடு அரை நிமிஷம் பேசவிட்டு, அப்புறம் குச்சியை எடுங்கள்.

பெருக்குவதற்குப் பெண்களையும் மேஜை தூக்க ஆண்களையும் கூப்பிடுகிறீர்களா என்றும் அந்தத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள்.

ஓர் அம்மா: ஆறு வயது மகன் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு எழுதுகிறான். டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புக் குறைபாடா?

இங்கிருந்து சொல்ல முடியாது. ஏழு வயதுவரை இது பரவலாகக் காணப்படுவதுதான். அதைத் தாண்டியும் தொடர்ந்தாலோ, ஒலியையும் எழுத்தையும் சேர்க்கத் திணறினாலோ சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டுங்கள்.

தலைமை ஆசிரியர்: எங்கள் பள்ளியில் வாசிப்புத் திறனை வைத்து மூன்று குழுக்களாகப் பிரித்து உட்கார வைக்கிறோம். குழுக்களுக்குப் பூக்களின் பெயர். இதில் தவறில்லையே?

தவறு இருக்கிறது. எந்தப் பூ 'மக்கு'க் குழு என்று பிள்ளைகள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். கணக்கு, ஓவியம், சாப்பாடு என்று நாள் முழுக்க அதே இடத்தில் உட்கார்ந்தால், வாசிப்பில் தடுமாறும் பிள்ளை எல்லாவற்றிலும் தடுமாறும் பிள்ளையாகிவிடுகிறது. கடைசிக் குழுவுக்கு எளிய பாடமே திரும்பத் திரும்பப் போவதால் இடைவெளி கூடும்.

அதே தலைமை ஆசிரியர்: மன்னிக்கவும் மேடம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையையும் கதைப்புத்தகம் படிக்கும் பிள்ளையையும் ஒன்றாக வைத்து என்ன பாடம் எடுப்பது? பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பே நிலைவாரியாகப் பிரித்துத்தானே கற்பிக்கிறது, அது பலனும் தந்திருக்கிறதே!

நல்ல கேள்வி சார். அந்த முறை பலன் தந்தது உண்மை. எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். எழுத்து, சொல், பத்தி, கதை என்று ஒரு சின்ன வாசிப்புச் சோதனை. அதை வைத்து, எந்த வகுப்புப் பிள்ளை என்று பார்க்காமல் குழு. நாளில் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும். இடையிடையே மறுபடி சோதித்து, முன்னேறிய பிள்ளையை உடனே மேலே நகர்த்துகிறார்கள். உங்கள் பூக்குழுவிலிருந்து இந்த வருஷம் எத்தனை பிள்ளைகள் இடம் மாறினார்கள்?

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை: இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் பள்ளியில் ஜூனில் போட்ட குழுதான் மார்ச் வரை.

தலைமை ஆசிரியர்: எங்களிடமும் இரண்டு பேர்தான் மாறினார்கள். ஆனால் மாதா மாதம் சோதிக்க ஆசிரியருக்கு நேரம் எங்கே?

ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிஷம் போதும். ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்றால் நாற்பது பேரை எட்டு வேலைநாளில் முடிக்கலாம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். வாசிப்பு நேரம் முடிந்ததும் குழுவைக் கலைத்துவிடுங்கள். நிலையான இருக்கை கலந்தே இருக்கட்டும்.

கலந்த குழுவில் ஒரே பிள்ளை எல்லா வேலையையும் செய்துவிடும் என்று அடுத்து கேட்பீர்கள். அதற்கு 'ஜிக்சா' முறை இருக்கிறது. 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில், நிறப் பாகுபாடு நீங்கி ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகளிடையே பகை மூண்டபோது சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சன் உருவாக்கியது. பாடத்தை ஐந்து துண்டாக்கி, ஐந்து பேர் குழுவில் ஆளுக்கொன்று. ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் தனியாகக் கூடிப் பேசித் தயாராவார்கள், பிறகு சொந்தக் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித் தருவார்கள். அந்தத் தயாரிப்புக் கூட்டத்தைத்தான் நேரமில்லை என்று பலர் வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை குழுவின் முன் திணறும், கேலிதான் மிஞ்சும்.

ஓர் ஆசிரியை: பார்வை குறைந்த பிள்ளை. முதல் பெஞ்ச் போதுமா?

போதாது. எந்தத் தூரத்தில், எந்த வெளிச்சத்தில் தெரிகிறது என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். சிலருக்கு ஜன்னல் வெளிச்சம் கூசும். கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படியுங்கள். "இங்கே பாருங்கள்" என்பதற்குப் பதில் "இரண்டாவது வரியில்" என்று சொல்லுங்கள்.

இன்னொருவர்: துறுதுறு பையன். முதல் பெஞ்ச்?

முதல் பெஞ்ச் மருந்தல்ல. முதல் பெஞ்ச் பற்றி மேலே எழுதிய இரண்டு பதில்களையும் படித்துவிட்டு, அவனுக்கு எப்போது கவனம் கலைகிறது என்று எழுதி அனுப்புங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்: சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டுகிறோம். என்ன அளவு?

ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இடம் இல்லையென்று செங்குத்தாகக் கட்டினால், பின்னால் ஆள் தள்ளினால்தான் ஏற முடியும். கதவு திறந்தபின் குறைந்தது 80 செ.மீ. இடைவெளி வேண்டும், 90 இருந்தால் நல்லது. திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். வகுப்புக்குச் சாய்தளம் கட்டிவிட்டுக் கழிப்பறையை மறந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பள்ளியில் பிள்ளை காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும். கழிப்பறையையும் இதே வேலையோடு முடியுங்கள்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை: கட்டணம், சுற்றுலாப் பணம் கொண்டுவராதவர்களை எழுந்து நிற்கச் சொல்வது வழக்கம். வேறு வழி?

நாளைக்கே நிறுத்துங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி மூடிய உறை கொடுங்கள். பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா உறையும் திரும்பி வரட்டும். பாக்கியைப் பெற்றோரிடம் மட்டும் பேசுங்கள்.

ஓர் ஆசிரியர்: வேறு மொழி பேசும் வீட்டுப் பிள்ளை. இரண்டு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

கேட்டுச் சேமிக்கும் காலம் அது. மாதக்கணக்கில் நீளலாம். எழுப்பி நிறுத்திப் பேச வைக்காதீர்கள். சைகையாலோ படத்தாலோ பதில் சொல்லட்டும். வீட்டு மொழியைத் தடை செய்யாதீர்கள். அதே மொழி தெரிந்த பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். வீட்டு மொழியிலும் பேசத் திணறுகிறதா என்று பெற்றோரிடம் கேளுங்கள். ஆம் என்றால் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.