கிரியோல் பேச்சும் கத்துகிற மேனேஜரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மொரீஷியஸில் வேலை பார்க்கும் நம் ஆட்கள், ஆபீஸில் மனிதர்களோடு எப்படிப் பழகுவது என்று நிறையக் கேட்டிருக்கிறார்கள். மனிதவளப் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவள் என்ற தைரியத்தில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, சென்னையிலிருந்து இங்கே எபென் ஊருக்கு வேலைக்கு வந்திருக்கிறேன். மீட்டிங் இங்கிலீஷில் தொடங்கும், பாதியில் இந்த ஊர்ப் பேச்சு மொழியான கிரியோலுக்குப் போய்விடும். என்னை ஒதுக்குகிறார்களா?

பதில்: இல்லை தம்பி. இந்த ஊரில் ஆபீஸ் கடிதம் இங்கிலீஷில், செய்தித்தாள் பிரெஞ்சில், பேச்சு கிரியோலில். சூடு பிடித்தால் வீட்டு மொழிதான் வாயில் வரும். சென்னை ஆபீஸில் பக்கத்து சீட்டில் ஒரு ஒடிசாக்காரர் இருந்தபோது நீங்கள் தமிழை நிறுத்திவிட்டீர்களா என்ன?

நடுவில் குறுக்கிட வேண்டாம். முடிகிற நேரத்தில், "எனக்குப் புரிந்தது இது: டெஸ்டிங் என் பொறுப்பு, வியாழனுக்குள் முடிக்கணும். சரிதானே?" என்று கேளுங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம், கொஞ்சம் கிரியோல் கற்றுக்கொள்ளுங்கள். காலையில் "பொன்சூர், கி மான்யேர்?" (வணக்கம், எப்படி இருக்கிறீர்கள்?) என்று ஆரம்பித்தாலே போதும். நம் நீ, நீங்கள் போல அதிலும் 'தோ', 'ஊ' உண்டு. மேனேஜருக்கும் 'ஊ', வாசலில் நிற்கும் செக்யூரிட்டி பெரியவருக்கும் 'ஊ'. மதியம் டிபன் டப்பாவும் போனுமாகத் தனியே உட்காராமல், தால்பூரி வாங்கக் கிளம்பும் கூட்டத்தோடு நீங்களும் போங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் புது வேலை கொண்டுவந்து "முடியுமா?" என்கிறார். தலை தானாக ஆடிவிடுகிறது.

பதில்: ஆட்டுவதற்கு முன் கையில் இருப்பதைச் சொல்லுங்கள். "சம்பளப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. இந்த ரிப்போர்ட்டை இன்றே எடுத்தால் பட்டியல் செவ்வாய்க்குத்தான் முடியும். எது முதலில்?" முடிவை அவர் எடுக்கட்டும். பெரும்பாலான தொழிலாளர்களுக்கு வாரம் 45 மணி நேரம் என்பது 2019 தொழிலாளர் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் முதல் பேச்சிலேயே சட்டத்தை இழுத்தால் கதவு சாத்திக்கொள்ளும்.

கேள்வி: ஹோட்டல் வரவேற்பில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கே இப்போது நான் சூப்பர்வைசர். அவர் பில்லில் தப்பு விடுகிறார். எப்படிச் சொல்வது?

பதில்: பதவி மாறியதைப் பற்றி முதலில் பேசிவிடுங்கள்; பலர் தவிர்ப்பது அதைத்தான். "மதாம், நீங்கள் சொல்லிக்கொடுத்தவர். இதில் எனக்கே கூச்சமாக இருக்கிறது" என்றால் அவருக்கும் பாதி இறுக்கம் குறையும். பில் விஷயம் வேறொரு நாள், கவுண்டரில் ஆள் இல்லாத நேரத்தில். "அடிக்கடி தப்பு வருகிறது" என்றால் அவர் தன் அனுபவத்துக்காக வாதாடத் தொடங்குவார். அந்த பில்லையே எடுத்து வைத்து, "நேற்று இந்த அறைக்கு மினிபார் சேரவில்லை. எங்கே விட்டுப்போகிறது?" என்று கேளுங்கள். புதுக் கணினி முறை பிடிபடாமலும் இருக்கலாம், கண்ணாடி மாற்ற வேண்டியும் இருக்கலாம். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். அந்த இடைவெளியை நாமே நிரப்பிவிடுவதால்தான் காரணம் வெளியே வருவதில்லை.

கேள்வி: எல்லார் முன்னாலும் மேனேஜர் கத்துகிறார். வேலை அனுமதி கம்பெனியோடு கட்டப்பட்டிருப்பதால் பயம்.

பதில்: முதல் தடவை என்றால் தனியாகப் போய், "தப்பைச் சொல்லுங்கள், திருத்துகிறேன். எல்லார் முன்னாலும் கத்த வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். தொடர்ந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள், கூட இருந்தவர்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். பிறகு மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல். வாய்வழிப் புகார் காற்றோடு போகும். அதே 2019 சட்டம், திட்டுவதையும் மிரட்டுவதையும் வேலையிட வன்முறையில் சேர்க்கிறது. வேலையிட வன்முறைக்கு எதிரான, சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கையையும் மொரீஷியஸ் 2021இல் ஏற்றுக்கொண்டது. உள்ளே கேட்பார் இல்லையென்றால் தொழிலாளர் அமைச்சின் அலுவலகத்துக்குப் போகலாம். அனுமதி பற்றிய பயம் நியாயமானதே; அதனால்தான் எழுத்தில் இருப்பது உங்களுக்கு இன்னும் முக்கியம்.

கேள்வி: காவடி விரதத்தில் டீம் லஞ்ச் வருகிறது.

பதில்: முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய் உட்காருங்கள். தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை விடும் ஊர் இது, விளக்கம் தேவைப்படாது.

கேள்வி: இதற்கெல்லாம் கோர்ஸ் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. சொந்தக் காசில் சேருமுன் மனிதவளப் பிரிவில் கேளுங்கள். கம்பெனிகள் பயிற்சி வரி கட்டுகின்றன; அங்கீகாரம் பெற்ற பயிற்சி என்றால் செலவில் ஒரு பகுதியை அவர்கள் திரும்பப் பெறலாம். நீங்களே சேர்ந்து முடித்துவிட்டு ரசீதை நீட்டினால் கிடைப்பது கஷ்டம்.