சர்க்கரையும் முன்தள்ளிய கண்ணும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் சின்னம்மாவுக்குத் தைராய்டு கூடியிருக்கிறது. ஆறு மாதமாகக் கண் இரண்டும் முன்னே தள்ளிக்கொண்டு, எப்போதும் திடுக்கிட்டவர் மாதிரி இருக்கிறார். சர்க்கரை நோயும் உண்டு. "சர்க்கரை புரதத்தில் ஒட்டித்தான் கண்ணைத் தள்ளுது, டீயை விட்டால் உள்ளே போயிடும்" என்கிறார் மாமா ஒருவர். சரியா?

க., பெகு, பர்மா

அன்புள்ள க.,

டீயை விடுவது நல்லதுதான். கண் அதனால் உள்ளே போகாது.

மாமா சொன்னதில் பாதி சரி. சர்க்கரை புரதத்தில் ஒட்டும், கிளைக்கேஷன் என்பார்கள். கல்லில் பலாட்டா ரொட்டி சிவக்கிறதே, ஏறக்குறைய அதே வினை. 1912இல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்தது. உடம்பில் மெதுவாக நடக்கும். 'மூணு மாசச் சர்க்கரை'க்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பதே ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையைத்தான். அப்படி ஒட்டி நாள்பட்ட புரதங்கள் எதிர்ப்பு அணுக்களைச் சீண்டி அழற்சியைக் கூட்டும்.

ஆனால் சின்னம்மாவின் கண்ணைத் தள்ளுவது வேறு. அவர் உடம்பே தைராய்டைத் தூண்டிவிடும் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்குகிறது. அவை தைராய்டில் போய்ப் பற்றும் ஏற்பி, கண்ணுக்குப் பின்னாலுள்ள நார்த்திசு உயிரணுக்களிலும் இருக்கிறது. தூண்டப்பட்ட அந்த அணுக்கள் ஹயலூரோனிக் அமிலத்தைச் சுரக்கும். அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, பலூடாவில் ஊறிய சப்ஜா விதைபோல உப்பும். கண்குழியோ எலும்பு, விழி முன்னே வராமல் எங்கே போகும்? வேடிக்கை என்னவென்றால் அந்த அமிலமும் சர்க்கரைச் சங்கிலிதான். ஆனால் அது டீயிலிருந்து போய் ஒட்டியதல்ல, அணு தானே நெய்தது.

அதற்காகச் சர்க்கரையை அலட்சியம் செய்ய முடியாது. இரண்டும் சேர்ந்தவர்களுக்குப் பார்வை நரம்பு பாதிக்கும் ஆபத்து கூடுதல். வீக்கத்துக்குப் போடும் ஸ்டீராய்டும் சர்க்கரையை ஏற்றிவிடும். ஊசி போடுமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சிவப்பு லுங்கி ஒரு கண்ணுக்கு மட்டும் வெளிறித் தெரிந்தால் அன்றைக்கே கிளம்புங்கள்.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்று. சின்னம்மா சுருட்டுப் பிடிப்பாரா? நம் ஊரில் கேட்டுத்தான் ஆகவேண்டும். இந்தக் கண்ணுக்குப் புகையைப் போல எதிரி இல்லை, மருந்தையும் சரியாக வேலை செய்யவிடாது. மாமா டீயைப் பிடித்துக்கொண்டு சுருட்டைக் கவனிக்காமல் விட்டுவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

தூங்கும்போது இமை முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். இதே நோய் வந்த என் அக்கா விழித்திருக்கிறாள் என்று நினைத்து ஒருநாள் கால்மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். தலையணையை உயர்த்தி, டாக்டர் தரும் களிம்பைப் போட்டு, காற்றாடியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.