பாதியில் நிற்கும் குயில்ட்டுகளும் பில்லில் ஓடும் தேதியும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சும் பின்பக்கம் ஒரு துணியும் வைத்து, மூன்றடுக்குப் போர்வையாக குயில்ட் தைப்பது எனக்கு ரொம்பப் பிடித்த பொழுதுபோக்கு. பேரன் தொட்டிலுக்கு ஒன்று, அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைகளில் ஒன்று, அறுகோணத் துண்டுகளைக் கையால் கோத்து ஒன்று, எங்கள் கட்டிலுக்கு ஒன்று என்று இப்போது நான்கு ஓடுகின்றன. எதுவும் முடிந்தபாடில்லை. வண்ணாரப்பேட்டை துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோடு பக்கத்திலேயே இருப்பதால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இரண்டு மீட்டராவது வாங்கி வந்துவிடுகிறேன். போன வாரம் கட்டில் போர்வைக்கு பார்டர் துணி பற்றவில்லை. அதே கடைக்குப் போனால் அதே நீலம் கிடைக்கவில்லை, ஒரு சாயல் மாறிவிட்டது. "ஒன்றை முடிச்சிட்டு அடுத்ததைத் தொடு" என்று வீட்டில் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் சரியா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இல்லை. நான்கு ஓடுவதில் தப்பே இல்லை. குழம்பு கொதிக்கும்போதே பக்கத்து அடுப்பில் பொரியல் வதங்குவதில்லையா, அதுபோலத்தான். ராத்திரி பத்து மணிக்கு மிஷினை மிதித்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்; அப்போது கையில் அறுகோணத் துண்டுகள் இருந்தால் வேலை நடக்கும். விரல் வலிக்கும் நாளில் மிஷின் வேலை. பகல் வெளிச்சம் நன்றாக இருந்தால் வெட்டும் வேலை. ஒரே போர்வையைக் கட்டிக்கொண்டு அழுதால் பாதியில் வெறுத்துப்போகும்.

உங்கள் காசு கரைவது வாங்கும் முறையில். எத்தனை போர்வை ஓடினாலும், எல்லாம் ஒரே கட்டத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டும் மேசையில் ஒன்று, மிஷினில் ஒன்று, கைத்தையலில் ஒன்று. வெட்டும் மேசையில் இருக்கும் போர்வைக்கு மட்டும்தான் கடைக்குப் போகலாம். மற்ற இரண்டுக்கும் வேண்டியது ஏற்கெனவே வீட்டில் முழுசாக இருக்க வேண்டும். நான்காவது தன் முறை வரும்வரை காத்திருக்கட்டும், அதுவரை அதற்குத் துணி எடுக்காதீர்கள். ஆடித் தள்ளுபடி பலகையைப் பார்த்ததும் கால் நிற்கும், தெரியும். ஆனால் என்ன அளவு, எத்தனை மீட்டர் என்று தெரியாமல் எடுத்த துணி, முக்கால்வாசி நேரம் ஏதோ ஒரு போர்வைக்கு அரை மீட்டர் குறைவாகத்தான் வந்து நிற்கும்.

நீல பார்டர் கதையும் அதேதான். சாயம் ஏற்றுவது தொகுதி தொகுதியாக. அடுத்த லோடில் வரும் நீலம் அச்சு அசலாக அதே நீலமாக இருக்காது, கடைக்காரர் மேல் இதில் தப்பு சொல்ல முடியாது. பார்டர், விளிம்பைச் சுற்றி மடித்துத் தைக்கும் ஓரப்பட்டி, பின்பக்கத் துணி மூன்றையும் போர்வை தொடங்கும் நாளிலேயே, ஒவ்வொன்றையும் ஒரே ரோலிலிருந்து வெட்டி வாங்கிவிட வேண்டும்.

கணக்கு பெரிய வித்தை இல்லை. சிங்கிள் கட்டிலுக்கு 60-க்கு 90 அங்குலப் போர்வை என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கத் துணி சுற்றிலும் நாலு அங்குலம் கூடுதலாக வேண்டும். ஆக 68-க்கு 98. கடையில் கிடைக்கும் காட்டன் பெரும்பாலும் 44 அங்குல அகலம், அதனால் 98 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு. மொத்தம் 196 அங்குலம், கிட்டத்தட்ட 5 மீட்டர். ஐந்து மீட்டர் வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். துவைக்காத காட்டன் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும், ஐந்து மீட்டரில் அது ஒரு சாண் நீளம். ஐந்தேகால் எடுங்கள். ஓரப்பட்டிக்கு இரண்டரை அங்குல அகலத்தில் எட்டுப் பட்டி வேண்டும். அதற்கு 60 சென்டிமீட்டர் போதும்.

பின்பக்கத்துக்குப் புதுத் துணியே எடுக்க வேண்டும் என்றும் இல்லை. வீட்டில் பழைய எட்டு முழ வேட்டி இருக்கிறதா? எட்டு முழம் என்றால் 144 அங்குலம். அகலம் 50 இருந்தால், குறுக்கே இரண்டாக வெட்டி, நீளப்பக்கமாக ஒட்டினால் 72-க்கு 99 கிடைக்கும். சிங்கிள் கட்டில் போர்வைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி! பலமுறை துவைத்துச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்த துணி, ஊசி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். டபுள் காட் பெட்ஷீட்டை வாங்கிப் பின்பக்கம் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: 90-க்கு 108 பெட்ஷீட், 90-க்கு 108 போர்வைக்குப் பற்றாது. இழை நெருக்கமான ஷீட்டில் கைத்தையல் போடுவதும் கஷ்டம்.

ஒவ்வொரு போர்வைக்கும் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு சீட்டு: ஒவ்வொரு துணியிலும் ஒரு சின்னத் துண்டு பின் பண்ணியது, இன்னும் எத்தனை மீட்டர் தேவை, எந்தக் கடை, மாற்றித் தரும் கடைசித் தேதி. இந்தக் கடைசித் தேதிதான் முக்கியம். ஒரே போர்வை தைப்பவர் வாங்கிய வாரமே துணியை விரித்துவிடுவார். நான்கு ஓடும் வீட்டில் துணி மடிப்புக் கலையாமல் மூன்று மாதம் கிடக்கும். நெசவில் ஓட்டை, அச்சு விலகல், சாயம் போவது எல்லாம் தெரியவரும்போது கடைக்காரர் சொன்ன தேதி எப்போதோ போயிருக்கும். எப்போது தைத்தாலும் சரி, வாங்கிய அன்றே பிரித்து, வெளிச்சத்தில் விரித்து, அளந்து, நனைத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சிவப்பு காட்டன் மூன்று மீட்டர், நல்ல கடையில், பில் போட்டுத்தான் வாங்கினேன். "சாயம் போகவே போகாதும்மா" என்றார் விற்பனையாளர். வேறு போர்வை கையில் இருந்ததால் இருபது நாள் அலமாரியில் வைத்திருந்தேன். இப்போது நனைத்தால் வாளித் தண்ணீர் குங்குமம் கரைத்த மாதிரி இருக்கிறது. கடையில் கேட்டால் பில்லில் "விற்ற பொருள் மாற்றித் தரப்படமாட்டாது" என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள்.
– வாசகி, பெரம்பூர்

பதில்: அந்த ஒரு வரியைப் பார்த்து மனசு தளராதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கால வரம்பு குறித்திருந்தால் அதற்குள் கேட்க வேண்டும், குறிக்கவில்லை என்றால் 30 நாள். உங்கள் பில்லில் நாள் கணக்கு எதுவும் இல்லை, இருபது நாள்தான் ஆகியிருக்கிறது. பில் தர மறுப்பதும் இதே சட்டத்தில் முறையற்ற நடைமுறைதான்.

இதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் நிறம் பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருவது கடைக்காரரின் மனசு. சாயம் போகாது என்று சொல்லி விற்ற துணியில் சாயம் போனால், அது குறைபாடு. கிலோ கணக்கில் விற்கும் கட் பீஸை, "பழுது இருக்கும், பார்த்து எடுத்துக்கோங்க" என்று சொல்லியே கொடுத்தால், பிறகு அந்தப் பழுதைக் காட்டிக் கேட்க முடியாது.

முழுத் துணியையும் நனைத்திருந்தால் இனி மேலும் துவைக்காதீர்கள். ஈரத் துணியில் வெள்ளைக் கைக்குட்டையைத் தேய்த்து, இரண்டையும் சேர்த்து போட்டோ எடுங்கள். பில்லையும் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் இந்த வழவழப்பான பில் காகிதத்தில் எழுத்து சில மாதத்தில் மங்கி மறைந்துவிடும். முதலாளியிடமோ மேலாளரிடமோ எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். பதில் இல்லை என்றால் 1915-க்கு அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் சென்னை வடக்குக்கு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். மூன்று மீட்டர் துணிக்காக அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் முடிவு. என் அனுபவத்தில், எழுத்தில் ஒரு புகாரும் 1915-இல் ஒரு பதிவு எண்ணும் கையில் இருந்தாலே கடைக்காரர் பேசும் தொனி மாறிவிடும்.

இன்னொன்று, உப்புத் தண்ணீரில், வினிகரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பி அந்தச் சிவப்பை வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் தைத்துவிடாதீர்கள். முதல் துவைப்பிலேயே வெள்ளை ரோஸ் நிறமாகிவிடும். அந்தப் போர்வைக்குக் கொடுத்த மாதங்களை எந்த ஆணையமும் திருப்பித் தராது.

கேள்வி: நடுவில் வைக்கும் பஞ்சு ஷீட்டை ஆன்லைனில் வாங்கினேன். 150 ஜிஎஸ்எம், ஒன்றரைக்கு இரண்டரை மீட்டர் என்று போட்டிருந்தார்கள். மூன்று மாதம் கழித்து இப்போதுதான் பிரித்தேன், மெலிசாகத் தெரிகிறது. ரிட்டர்ன் தேதி முடிந்துவிட்டது. விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: முதலில் சமையலறைத் தராசில் எடை போடுங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில். ஒன்றரைக்கு இரண்டரை என்றால் 3.75 சதுர மீட்டர், 150 ஜிஎஸ்எம்முக்கு 560 கிராம் சுமார் இருக்க வேண்டும். 420 கிராம்தான் நிற்கிறது என்றால் உங்களுக்கு வந்தது 112 ஜிஎஸ்எம். கையால் அமுக்கிப் பார்த்து இது தெரியாது, சுருட்டி அனுப்பிய பஞ்சு மறுபடி உப்ப ஒரு நாளாவது ஆகும்.

எடை குறைந்தால், ரிட்டர்ன் தேதி முடிந்தது வேறு, புகார் செய்யும் உரிமை முடிந்தது வேறு. சொன்னது ஒன்று, அனுப்பியது ஒன்று என்பதற்கு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உறையும் அதன் மேல் ஒட்டிய லேபிளும் இருந்தால் பத்திரமாக வையுங்கள். மூன்று மாதம் உங்களிடம் இருந்த பொருள் என்று அவர்கள் வாதாடலாம், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பார்சல் பிரிப்பதையும் எடை போடுவதையும் செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள்.

நம் ஊர் வெக்கைக்கு 100 ஜிஎஸ்எம் தாராளம் என்பது என் கருத்து. ஊசியும் சுலபமாக இறங்கும். வந்ததே போதும் என்று தைக்கத் தொடங்கினாலும், விலை வித்தியாசத்தைக் கேட்பதில் தப்பில்லை.

கேள்வி: பாரிமுனை பக்கம் மொத்தக் கடையில் பத்து மீட்டர் என்று வாங்கியது வீட்டில் ஒன்பதுக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கிறது. "கஜக் கணக்கு" என்கிறார்கள்.
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: கஜம் 91.44 சென்டிமீட்டர். பத்து கஜம் 9.14 மீட்டர்தான். பில்லில் மீட்டர் என்று போட்டுவிட்டுக் கஜத்தில் அளந்தால் அது அளவு மோசடி, 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வரும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு அதைக் கவனிக்கிறது, அங்கே புகார் கொடுங்கள். அளக்கும் கோலில் துறையின் முத்திரை இருக்க வேண்டும். அப்படிக் கோல் இல்லாமல் மேசை விளிம்பில் ஆணி அடித்து அளக்கும் கடையில் நான் வாங்கமாட்டேன். கோடவுன் தெருவுக்குப் போனாலும் எம்.சி. ரோட்டுக்குப் போனாலும் பையில் தையல் டேப் ஒன்று இருக்கட்டும். கடையை விட்டு வெளியே வருமுன் அளந்துவிட்டால் சண்டையே இல்லை.

கேள்வி: மூன்று அடுக்கையும் சேஃப்டி பின் குத்தி வைத்த போர்வை, வேறு வேலை வந்ததால் மழைக்காலம் முழுக்க பரணில் இருந்தது. எடுத்தால் ஒவ்வொரு பின் குத்திய இடத்திலும் பழுப்புப் புள்ளி. பின் விற்ற கடையைக் கேட்கலாமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: அட்டையில் "துருப்பிடிக்காது" என்று எழுதியிருந்தால் கேட்கலாம், எழுதவில்லை என்றால் வழியில்லை. கடலிலிருந்து இவ்வளவு பக்கத்தில் இருக்கும் வீடுகளில் சாதா இரும்புப் பின் ஐப்பசி, கார்த்திகையைத் தாங்காது. பித்தளைப் பின்னோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்னோ பார்த்து வாங்குங்கள், விலை கூடத்தான். அல்லது உடனே தைக்கப்போவதில்லை என்று தெரிந்தால் பின்னே வேண்டாம், வெள்ளை நூலில் அகல அகலமாக ஓட்டுத்தையல் போட்டு வையுங்கள்.

புள்ளிகளுக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து அலசுங்கள், வெள்ளைத் துணியில் பெரும்பாலும் போய்விடும். கலர் துணியில் எலுமிச்சை நிறத்தையும் சேர்த்து எடுத்துவிடலாம், ஒரு ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். புள்ளி போகும்வரை பிளீச்சிங் தண்ணீர் பக்கமே போகாதீர்கள், துருக்கறை அதில் இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.