பராக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தினமும் மாலை ஏழு மணிக்கு, மணிகளை உருட்டி மாதாவிடம் வேண்டும் ஜெபமாலை. எனக்குக் கதைப் புத்தகம் என்றால் உயிர். மதியம் அடுப்படி வேலை முடிந்து ஒன்றைக் கையில் எடுத்தால் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்வரை கீழே வைக்க மாட்டேன். போன வாரம் படித்த நாவலில், கணவன் கைவிட்ட பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு ரயில் நிலையத்தில் நிற்கிறாள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். ஐம்பத்து மூன்று மணியும் உருண்டு முடிந்தது. மனம் அந்த பிளாட்பாரத்தை விட்டு வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே மாமியார் கண்டுபிடித்துவிட்டார். “கதை படிக்கிற நேரத்தில் இன்னொரு ஜெபமாலை சொல்லலாம், பராக்காவது குறையும்” என்றார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார். படிப்பதையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் வாசிப்பவள் நான் ஒருத்திதான்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிடாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜெபத்தில் மனம் அலைவதைச் சொல்லும் ‘பராக்கு’ என்ற சொல்லைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, தினமும் சொன்ன சொல் அது. நானும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் மலையாளப் பள்ளியில் படித்தவன்தான். எனக்குத் தமிழ் எழுத்து வந்தது அம்மாயியின் ஜெபப்புத்தகத்திலிருந்து. அட்டை போய், சாக்குத் தைக்கும் நூலால் அவரே தைத்து வைத்திருந்த புத்தகம். உள்ளே காய்ந்த குருத்தோலைத் துண்டு, இறந்துபோன உறவினர்களின் நினைவு அட்டைகள். மாதா பிரார்த்தனை இருந்த பக்கத்தில் மெழுகுவர்த்தி சொட்டிச் சொட்டித் தாள் எண்ணெய் பட்டதுபோல் ஆகி, பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரியும். அந்தப் பக்கம்தான் எனக்கு அரிச்சுவடி. ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்பது வரிக்கு வரி திரும்பத் திரும்ப வருவதால் அதைத்தான் முதலில் வாசித்தேன். பிறகு விரல் மெல்ல வரியின் தொடக்கத்துக்கு நகர்ந்தது. ‘விடியற்காலத்தின் நட்சத்திரமே.’ ‘தந்தமயமான உப்பரிகையே.’ உப்பரிகை என்றால் என்ன என்று கேட்டேன். அம்மாயிக்குத் தெரியவில்லை. “மாதா இருக்கிற இடம்” என்றார். பொருள் தெரியாத ஒரு சொல்லை வாயில் போட்டுக்கொண்டு நாள் முழுதும் திரிவதன் ருசி அன்று பிடித்ததுதான், இன்றுவரை விடவில்லை.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமே இப்படிப்பட்ட ஒன்றுதான். போர்த்துக்கீசியக் குருவான அன்றீக்கே அடிகளார் மொழிபெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்று அச்சானது. மொத்தம் 16 பக்கங்கள். அச்சான ஊர் கொல்லம். அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ் வாசிப்பதை ஏதோ ஒதுங்கிய காரியமாக நினைக்கிறோம். தமிழ் அச்சு கண்விழித்ததே இந்தக் கரையில்தான், ஜெபத்தைச் சொல்லிக்கொண்டுதான். உங்கள் பிள்ளைகளுக்கும் வீட்டு ஜெபப்புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள். மனப்பாடமாகத் தெரிந்ததை எழுத்தில் பார்க்கும்போது குழந்தைக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாமியார் பக்கமும் நியாயம் உண்டு. ஸ்பெயின் நாட்டுப் புனிதையான அவிலா தெரேசம்மாள் சிறுவயதில் அப்பாவுக்குத் தெரியாமல் வீரசாகசக் கதைகளாகப் படித்துத் தள்ளியவர். அதனால் தம் பக்தி தளர்ந்தது என்று தம் வரலாற்றில் அவரே வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். ஆனால் அதே நூலில் இன்னொன்றும் சொல்கிறார்: 18 ஆண்டுகளாக, நன்மை (நற்கருணை) வாங்கிய நேரம் தவிர, கையில் ஒரு புத்தகம் இல்லாமல் ஜெபத்தில் உட்கார அவருக்குத் துணிவே வரவில்லை. அலையும் எண்ணங்களைத் தடுக்கும் கேடயமாகப் புத்தகத்தை வைத்திருந்தார். பல நாள் அதைத் திறந்ததே போதுமாக இருந்தது. எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1521 இல் ஸ்பெயினின் பம்பலோனாவில் குண்டடிபட்டுப் படுத்திருந்தவர் வீரக்கதைகள் கேட்டார், வீட்டில் இல்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறுகளும்தான் கிடைத்தன. அவர் கவனித்தது இதுதான்: பழைய வீரக்கனவுகள் காணும்போது இனித்தன, கண்டு முடிந்ததும் மனம் வறண்டது, புனிதர்களை நினைத்தபோதோ முடிந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. நாவலுக்கும் இதே உரைகல்லைத்தான் நான் வைத்திருக்கிறேன். மூடிய பிறகு மனம் எப்படி இருக்கிறது? உங்களுக்குள் தங்கியது ஒரு கைவிடப்பட்ட பெண்மேல் இரக்கம். அதைப் பாவம் என்று யார் சொல்வார்கள்?

பராக்கைப் பற்றி 1992 இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்வது எளிமையானது. பராக்கை விரட்டிப் பிடிக்கக் கிளம்பினால் அதன் வலையிலேயே விழுவோம். இதயத்துக்குத் திரும்பினால் போதும்.

என் அம்மாயி அதைப் படித்ததில்லை. ஆனால் எங்கள் மாமா பொள்ளாச்சி போய்வரும்போதெல்லாம் வாரப் பத்திரிகை வாங்கி வருவார். அதன் பொடி எழுத்து அம்மாயிக்குத் தெரியாது என்பதால் தொடர்கதையை நான்தான் உரக்க வாசிப்பேன். ஒரு வாரம், கதையில் வரும் பெண் மாமனார் வீட்டிலிருந்து துரத்தப்பட்டு இரவில் நடந்துபோகிறாள். ‘தொடரும்’ என்று முடிந்தது. அன்று மாலை ஜெபமாலையில், வழக்கம்போல மாலையின் பத்துப் பத்து மணிகளையும் ஒவ்வொருவருக்காக வேண்டிக்கொண்டு வந்த அம்மாயி, நான்காவது பத்தில் “அந்தப் பெண்ணுக்காக” என்றார். எனக்கு விளங்கவில்லை. “அம்மாயி, அது கதை” என்றேன். மணியிலிருந்து விரலை எடுக்காமல் அவர் சொன்னார்: “அப்படி ஒருத்தி எங்கேயாவது இப்போது நடந்துகொண்டுதானே இருப்பாள்?” சொல்லிவிட்டுப் பிரியதத்த மந்திரத்தைத் தொடங்கினார். அதே மந்திரத்தின் புது வடிவமான அருள்நிறைந்த மந்திரம் வழக்கத்துக்கு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்னும் அவர் வாயில் அது பிரியதத்தம்தான்.

திங்களிலும் சனியிலும் ஜெபமாலையில் மகிழ்ச்சி நிறை மறையுண்மைகள், அதாவது இயேசு, மாதா வாழ்வின் மகிழ்ச்சியான ஐந்து நிகழ்ச்சிகள், சொல்கிறோம் அல்லவா? மூன்றாவதான இயேசுவின் பிறப்பைப் பாருங்கள். ஊருக்கு வெளியூர்க்காரி, விடுதியில் இடமில்லை, பிள்ளையைத் துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்துகிறாள். உங்கள் நாவலின் பெண் நிற்கும் பிளாட்பாரம் அந்த மணிகளுக்குள்தான் இருக்கிறது. மனம் அங்கே போனால் போகட்டும். மாதாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அந்தப் பத்து மணியை அவளுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் ஒப்புக்கொடுங்கள்.

இன்னொன்று. உங்கள் மாமியாருக்கு மதியத்தில் வாசித்துக் காட்டிப் பார்த்தீர்களா? அந்த ரயில் நிலைய அத்தியாயத்திலிருந்தே தொடங்கலாம். என்ன சொன்னார் என்று எழுதுங்கள். நாவலின் பெயரையும் எழுதுங்கள். அந்தப் பெண்ணுக்கு வண்டி கிடைத்ததா என்று எனக்கும் தெரிய வேண்டும்.

அன்புடன்.