சூஷி கோ சீட்டாட்டம் முதல் தடவை ஆடுபவர்களுக்கு எப்படி இருக்கும்? எட்டு வயதுக் குழந்தையோடு ஆடலாமா?

தாராளமாக ஆடலாம். பெட்டியிலேயே 8 வயது என்றுதான் போட்டிருக்கும். ஆட்டம் முடியக் கால் மணி நேரம்தான் ஆகும். முதல் தடவை ஆடும்போது மட்டும் "எல்லாம் அதிர்ஷ்டம்தானே" என்று தோன்றும். இரண்டாவது ஆட்டத்தில் அந்த எண்ணம் போய்விடும்.

கையில் உள்ள சீட்டுகளில் ஒன்றைக் கவிழ்த்து வைக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் அதைத் திருப்பிவிட்டு, மீதிச் சீட்டுகளை, அதாவது மீதிக் "கை" முழுவதையும், இடப்பக்கத்து ஆளுக்குக் கொடுக்க வேண்டும். இருவர் என்றால் ஆளுக்கு 10 சீட்டு, மூவருக்கு 9, நால்வருக்கு 8, ஐவருக்கு 7. மொத்தம் மூன்று சுற்று. ரம்மியில் கீழே போடும் சீட்டு அடுத்தவருக்கு உதவிவிடுமோ என்று யோசிப்போமே, அதே கவலைதான் இங்கேயும். என்ன, இங்கே ஒரு சீட்டுக்குப் பதில் கை முழுவதையும் தூக்கிக் கொடுக்கிறோம்.

சஷிமி, நிகிரி, வசாபி என்று சீட்டுகளுக்கெல்லாம் சாப்பாட்டுப் பெயர்கள்தான். புதியவர்கள் எல்லோரும் விழும் குழி சஷிமி. மூன்று சேர்ந்தால் 10 புள்ளி, இரண்டோடு நின்றால் பூஜ்யம். 108 சீட்டுகளில் சஷிமி 14தான். நால்வர் ஆடினால் ஒரு சுற்றில் இறங்கும் 32 சீட்டுகளில் சராசரியாக நான்கு இருக்கும். யாராவது இரண்டை எடுத்து வைத்துக்கொண்டால் பெரும்பாலும் யாருக்கும் மூன்று சேராது. இருவர் ஆட்டத்தில் சராசரி மூன்றைக்கூடத் தொடாது. ஆனால் இரண்டாவது முறை எடுக்கும்போதே இரண்டு கைகளையும் பார்த்திருப்பீர்கள், எண்ணிப் பார்த்துவிட்டு இறங்கலாம். நிகிரி வகைச் சீட்டுகளில் கணவாய் நிகிரி எந்த நிபந்தனையும் இல்லாமல் 3 புள்ளி தரும். முதல் எடுப்புக்கு நான் அதைத்தான் சொல்வேன். டெம்புரா ஜோடி சேர்ந்தால் 5.

வசாபி நிகிரியின் மதிப்பை மூன்று மடங்காக்கும். ஆனால் வசாபி முன்னதாக வந்திருக்க வேண்டும், ஏற்கெனவே மேசையில் கிடக்கும் நிகிரிக்குச் செல்லாது. முதல் ஆட்டத்தில் வரும் சண்டைகளில் பாதி இதனால்தான்.

இன்னொரு தகராறு சாப்ஸ்டிக்ஸ். அதற்குத் தனியாகப் புள்ளி கிடையாது. பின்னால் ஒரு முறை "சூஷி கோ!" என்று சொல்லி ஒரே கையிலிருந்து இரண்டு சீட்டு எடுக்கலாம். எடுத்ததும் சாப்ஸ்டிக்ஸை அந்தக் கையிலேயே போட்டு அனுப்ப வேண்டும். இதைத்தான் மறப்பார்கள். ஒருவர் கையில் மட்டும் ஒரு சீட்டு குறைந்தால் முதலில் அங்கே தேடுங்கள். கையில் இரண்டு சீட்டு மிஞ்சியிருக்கும்போது சாப்ஸ்டிக்ஸை எடுப்பது வீண். அடுத்து வருவது ஒற்றைச் சீட்டுதான், அதில் இரண்டு எடுக்க முடியாது.

புட்டிங் மட்டும் சுற்று முடிந்தாலும் மேசையிலேயே இருக்கும். ஆட்ட முடிவில் அதிகம் வைத்திருப்பவருக்கு 6, குறைவாக வைத்திருப்பவருக்குக் கழித்தல் 6. இருவர் ஆட்டத்தில் மட்டும் இந்தக் கழித்தல் இல்லை. மற்ற சீட்டுகளைச் சுற்றுக்குச் சுற்று ஒதுக்கிவிட வேண்டும், திரும்பக் கலைத்துச் சேர்க்கக் கூடாது.

குழந்தைகளுக்கு விதியைவிடக் கைவேகம்தான் சிக்கல். மெதுவாக யோசிக்கும் குழந்தையிடம் இரண்டு கைகள் வந்து சேர்ந்து கலந்துவிடும். கொடுக்க வேண்டிய கையைப் பக்கத்து ஆளின் கையில் திணிக்காமல், இருவருக்கும் நடுவில் கவிழ்த்து வையுங்கள். எல்லோரும் வைத்த பிறகு ஒன்றாக எடுங்கள். புள்ளிக் கணக்கு சீட்டின் அடியிலேயே இருப்பதால் பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை. மொத்தத்தைக் கூட்டத் தாளும் பேனாவும் வேண்டும், அந்த வேலையைக் குழந்தையிடமே விடலாம்.

எத்தனை பேர் என்று கேட்டால், நால்வர். முதலில் பார்த்த கை ஐந்தாவது முறை நான்கு சீட்டோடு உங்களிடமே திரும்பி வரும், நடுவில் யார் எதை எடுத்தார்கள் என்று தெரிந்துவிடும். ஐவர் என்றால் அதே கை இரண்டு சீட்டோடு வரும், தெரிந்தும் செய்வதற்கு ஒன்றுமில்லை. வீட்டில் எப்போதும் ஐந்தாறு பேர் கூடுவார்கள் என்றால், எட்டுப் பேர் வரை ஆடக்கூடிய சூஷி கோ பார்ட்டியை வாங்குங்கள்.