புது கடல்நீர் டேங்கில் பாசித் தொல்லை: கேள்வி பதில்

தொடங்கும் முன் ஒன்று. டேங்க் வைத்து எத்தனை வாரம், எத்தனை லிட்டர், ஊற்றும் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு), டேங்கின் நைட்ரேட், பாஸ்பேட் (பாசியின் உணவு இவை இரண்டும்): இந்த ஐந்தும் இல்லாமல் "பாசி வந்துடுச்சு, என்ன மருந்து?" என்று கேட்காதீர்கள். படம் வெள்ளை லைட்டில் எடுங்கள். நீல லைட்டில் எல்லாப் பாசியும் ஒரே நிறம்தான்.

நெமோ வீடு: 120 லிட்டர், 4 வாரம். உலர் பாறை, புது மணல். மணல் மேல் காப்பிப்பொடி தூவின மாதிரி பழுப்பு, கண்ணாடியிலும் இருக்கு. வீட்டு ஆர்ஓ தண்ணீர்தான், டிடிஎஸ் 60. நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.08.

பதில்: டயாட்டம் என்ற நுண்பாசி. விரலால் துடைத்தால் தூளாகப் பறக்கும், நூலாக இழுபடாது. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. புது மணலும் உங்கள் தண்ணீரும் சிலிக்கேட் கொடுக்கிற வரை இருக்கும், தீர்ந்ததும் தானாகப் போகும். பெரும்பாலும் 2 முதல் 8 வாரம். மருந்து வேண்டாம். பவளம் இன்னும் வைக்கவில்லை என்றால் லைட் மாலையில் 4 மணி நேரம் போதும்.

இடிப்பது அந்த 60தான். குடிநீர் ஆர்ஓ மெஷின்கள் பலவற்றில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று சின்னத் திருகு ஒன்று இருக்கும். சவ்வு வழியாகப் போகாத தண்ணீரைச் சுவைக்காகத் திரும்பக் கலந்துவிடுவதே அதன் வேலை. சிலவற்றில் மினரல் கார்ட்ரிட்ஜ் வேறு. குடிக்க நல்லது, டேங்குக்கு ஆகாது. சவ்விலிருந்து வரும் குழாயில் ஒரு டி-இணைப்பு போட்டு நேராக எடுத்து, டிஐ ரெசின் (மீதி உப்பையும் பிடிக்கும் மணிகள்) வழியாக விடுங்கள். மீட்டர் 0 காட்ட வேண்டும். 1, 2 என்று ஏறினால் உடனே ரெசினை மாற்றுங்கள். தீரப்போகிற ரெசின் முதலில் கைவிடுவது சிலிக்கேட்டைத்தான்.

கடல்கன்னி: 200 லிட்டர், 10 வாரம். மணல் மேல் கருஞ்சிவப்பாக வழவழவென்று படலம், பாலாடை மாதிரி முழுசாக உரிந்து வருது. அடியில் குமிழி. டிடிஎஸ் 0, நைட்ரேட் 2, பாஸ்பேட் 0.15. எரித்ரோமைசின் போடலாமா அண்ணா?

பதில்: அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. எரித்ரோமைசின் ஆன்டிபயாடிக், அதைக் கொல்லும், உங்கள் பாறையில் இப்போதுதான் குடியேறிய நல்ல பாக்டீரியாவையும் ஒரு கை பார்க்கும். செத்த படலம் அழுகும்போது ஆக்சிஜன் இறங்கி, விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். முதலில் இதைச் செய்யுங்கள்: 6 மிமீ ஏர் ட்யூபால் படலத்தை உறிஞ்சி எடுங்கள், கலைத்து விடாதீர்கள். படலம் படர்ந்த இடம் நீரோட்டம் செத்த மூலையாகத்தான் இருக்கும். வேவ்மேக்கரை (நீரோட்டம் தரும் மோட்டார்) அங்கே திருப்புங்கள். பாறைக்குப் பின்னால் தேங்கிய கழிவை வாரம் ஒரு முறை ஊதி எடுங்கள். மூன்று வாரம் பொறுங்கள். நைட்ரேட்டை இன்னும் இறக்கிச் சயனோவை ஒழிக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். காற்றிலிருந்து வரும் நைட்ரஜனையே பிடித்துக்கொள்ளும் இனங்கள் அதில் உண்டு.

ஜிஜி: பாசி தின்ன சக்கர் மீன் விடலாமா?

பதில்: அது நன்னீர் மீன். உப்பில் செத்துப்போகும்.

பவளக்கிறுக்கன்: 100 லிட்டர், 5 மாசம், டிடிஎஸ் 0. பச்சை முடி மாதிரி பாறை முழுக்க. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0.02. உணவே இல்லாமல் எப்படி வளருது?

பதில்: உணவு இருக்கிறது, நீங்கள் அளக்கும் முன்பே பாசி தின்றுவிடுகிறது. ஒரு இழையைப் பிடுங்கி, வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தலைமுடி போல நனைந்து சுருண்டால் சாதா முடிப்பாசி. நடுத்தண்டும் இரு பக்கமும் இறகு போலக் கிளையும் இருந்தால் பிரையாப்சிஸ்.

முடிப்பாசி என்றால் பாறையை வெளியே எடுத்து, டேங்க் தண்ணீர் வாளியில் வைத்துப் பல் பிரஷ்ஷால் தேயுங்கள். டேங்குக்குள் தேய்த்தால் விதைக்கிறீர்கள். மீதிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதம். மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். லேபிளைப் பார்த்து, சம அளவு ஆர்ஓ தண்ணீர் கலந்து, சொட்டுச் சொட்டாகப் பாசி மேல் மட்டும் விடுங்கள். 2 நிமிடம் கழித்து உப்புத் தண்ணீரில் அலசிவிட்டு உள்ளே வையுங்கள். பிறகு டர்போ நத்தை இரண்டு.

பிரையாப்சிஸ் என்றால் நத்தை தொடாது. ஃப்ளூகோனசோல் (பூஞ்சை மருந்து), லிட்டருக்கு சுமார் 5 மில்லிகிராம். பாறையும் மணலும் அடைத்த இடம் போக உங்கள் டேங்கில் 80, 85 லிட்டர்தான் நிஜத் தண்ணீர். 150 மிகி மாத்திரை மூன்று போதும். பொடித்து, கரைத்து ஊற்றுங்கள். மருந்தை உறிஞ்சும் ஃபில்டர் கார்பனை எடுத்துவிடுங்கள், ஸ்கிம்மர் (நுரையால் கழிவெடுக்கும் கருவி) கப்பைக் கழற்றிவிட்டுக் காற்றுக்காக மட்டும் ஓட விடுங்கள். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. அதைப் பார்த்து இன்னொரு டோஸ் போடாதீர்கள். 14 முதல் 21 நாள்.

குட்டிக்கடல்: மணலில் பழுப்பு, 3 வாரம். என்ன பண்ண?

பதில்: முதல் பதில்.

உப்புக்கல்: 300 லிட்டர், 5 மாசம். டிடிஎஸ் 0, நைட்ரேட் 0, பாஸ்பேட் 0, ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள்) ஓடுது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. ஆனால் பாறையில் பழுப்பாக சளி நூல், நுனியில் குமிழி. ராத்திரி குறையுது, சாயங்காலம் அதிகம். நத்தை நாலு செத்துப்போச்சு. டயாட்டம்தானே?

பதில்: இல்லை, டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) போலிருக்கிறது. சோதித்துவிடுங்கள். சளியோடு தண்ணீரைப் பாட்டிலில் உறிஞ்சி, நூல் உடைந்து கரையும்வரை ஒரு நிமிடம் குலுக்குங்கள். காபி ஃபில்டரில் வடிகட்டுங்கள் (காகித ஃபில்டர், வீட்டுப் பித்தளை ஃபில்டரைத் தொட்டால் உதை விழும்). வடிந்த தண்ணீரை லைட்டுக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிந்த தண்ணீரில் மறுபடி நூல் திரண்டால் டைனோ.

கையுறை போடுங்கள். ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற டைனோ வகை பாலிடாக்சின் இனத்து நஞ்சை உண்டாக்கும். 2005ல் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் அது பெருகியபோது, அலைத் தூறலைச் சுவாசித்த சுமார் 200 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். பாறையைக் கொதிக்க வைக்கவோ உலர்ந்த சளியைச் சுரண்டவோ வேண்டாம்.

காரணம் உங்கள் இரண்டு பூஜ்யம். உலர் பாறையில் தொடங்கிய டேங்கில் போட்டிக்கு ஆளில்லை. இருந்த கொஞ்சத்தையும் ஜிஎஃப்ஓ பட்டினி போட்டது. அதை இன்றே நிறுத்துங்கள். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை கொண்டுவாருங்கள்.

உப்புக்கல்: மன்னிக்கணும், ஒத்துக்க முடியலை. நிஜப் பவளத்திட்டில் நைட்ரேட் கிட்டத்தட்ட பூஜ்யம். நாம் ஏன் ஏற்றணும்?

பதில்: அங்கே அளவு குறைவு, வரத்து குறைவில்லை. ஒவ்வொரு அலையும் புதுத் தண்ணீரும் மிதவை உயிரும் கொண்டுவருகிறது. உங்கள் 300 லிட்டருக்கு அலை எங்கிருந்து வரும்? பர்ஸில் பத்து ரூபாய்தான் என்றாலும் தினமும் சம்பளம் வருகிறவன் வேறு, பத்து ரூபாயோடு நிற்கிறவன் வேறு.

அலைவரிசை: ரெட்ஃபீல்ட் விகிதம், அதாவது நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் 16க்கு 1, வைத்தால் எல்லாம் சரியாகிடும் சார்.

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். ரெட்ஃபீல்ட் 1934ல் எழுதியது கடலின் மிதவை உயிரிலும் நீரிலும் கண்ட விகிதம், டேங்குக்கு மருந்துச் சீட்டு அல்ல. தவிர 16க்கு 1 என்பது அணு எண்ணிக்கை. டெஸ்ட் கிட் காட்டும் நைட்ரேட், பாஸ்பேட் பிபிஎம்முக்கு (லிட்டருக்கு மில்லிகிராம்) மாற்றினால் 10.4க்கு 1. எல்லோரும் பிபிஎம்மிலேயே 16 வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அதைவிட முக்கியம், 0க்கு 0 என்ன விகிதம்?

உப்புக்கல்: என் நண்பர் பூஜ்யத்தில் மூணு வருஷமா ஓட்டறார்.

பதில்: அவர் தினம் எவ்வளவு தீனி போடுகிறார் என்று கேளுங்கள்.

மீன்காரன் மகன்: ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் ஒருத்தர் லைவ் ராக் (கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் குடியேறிய பவளப்பாறை) தர்றேன்கிறார். அதைப் போட்டால் டைனோ வராதாமே?

பதில்: வாங்காதீர்கள். கல்பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடா தீவுகள் தேசியப் பூங்கா. நன்றாக ஓடும் நண்பர் டேங்கிலிருந்து ஒரு கப் மணலும் கைப்பிடி பாறைத்துண்டும் போதும், முதலில் அவர் டேங்கில் சளி இல்லையா என்று பார்த்துக்கொண்டு.

பிங்கி: க்ளௌன் மீன் மேல் வெள்ளைப் புள்ளி.

பதில்: இன்று பாசி மட்டும். காப்பர் மருந்தைப் பவளமும் நத்தையும் உள்ள டேங்கில் ஊற்றாதீர்கள், மீனைத் தனி டேங்குக்கு மாற்றுங்கள்.

சமுத்ரா: 6 வாரம், பழுப்பு...

பதில்: முதல் பதில். அளவுகளோடு வாருங்கள்.

உப்புக்கல்: வடிகட்டிப் பார்த்தேன். முக்கால் மணியில் நூல் திரண்டுடுச்சு. மைக்ரோஸ்கோப்பில் 400 மடங்கு, கண்ணீர்த்துளி வடிவம், ஒரே இடத்தில் கட்டிவைத்த மாடு மாதிரி சுத்துது.

பதில்: ஆஸ்ட்ரியாப்சிஸ். நல்ல செய்திதான், இது ராத்திரி மணலைவிட்டு நீரில் மிதக்கும், யூவியில் (நீரைப் புற ஊதா விளக்கு வழியாக விடும் கருவி) மாட்டும். 300 லிட்டருக்கு 25 முதல் 30 வாட். சம்ப்பில் (டேங்குக்குக் கீழே உள்ள ஃபில்டர் தொட்டி) வைக்காமல் டேங்கிலிருந்தே நேராக இழுத்து டேங்குக்கே விடுங்கள், நீரோட்டம் மெதுவாக, 24 மணி நேரமும். ஆம்ஃபிடினியம் என்ற இன்னொரு டைனோவாக இருந்தால் மணலைவிட்டு நகராது, யூவி வீண் செலவாகியிருக்கும்.

உப்புக்கல்: சரி. வாதம் அப்படியே இருக்கட்டும். சோடியம் நைட்ரேட் எத்தனை கிராம்?

பதில்: 5 பிபிஎம் ஏற்ற 2 கிராம். ஆர்ஓ தண்ணீரில் கரைத்து மூன்று நாளாகப் பிரித்து ஊற்றுங்கள், தினமும் அளந்துவிட்டு. பாஸ்பேட்டைப் பாறை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் மறுபடி 0 காட்டினால் பதறாமல் திரும்பக் கொடுங்கள்.